கார்மென் அக்கா மூடி வைத்த கடைசிப் போத்தல்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! நம் கோயில் அன்னதானக் குழுத் தலைவர் அப்பாவு அண்ணன் அவர்களே! மனைவி கார்மென் அக்காவை இழந்து நிற்கும் இந்த வேளையிலும், எனக்கு நாற்காலி இல்லை என்று பார்த்துத் தானே ஒன்றை இழுத்துப் போட்ட டொமினிக் அண்ணன் அவர்களே! செரோஜா தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் காளியம்மா அக்கா அவர்களே, அவரோடு வந்திருக்கும் செக்குக் குழுத் தாய்மார்களே! எங்கள் ஆய்வுக்கூடத்தின் இளம் ஆய்வாளர் சுரேன் அவர்களே! இந்த ஈப்போ புழுக்கத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்டவர்களே! பிடிக்க முடியாமல், பிடித்தவர்களை முறைத்துக்கொண்டிருப்பவர்களே! உங்கள் அனைவருக்கும் சீனியின் வணக்கம்.

நான் ஆய்வுக்கூடத்து வேன் ஓட்டுகிறவன். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு சரி. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். சற்று முன் வாசலில் அப்பாவு அண்ணன் என் கையைப் பிடித்து, "சீனி, நீ பேசினா சனங்க சிரிக்கும். இது இரங்கல் கூட்டம்லா, பார்த்துப் பேசு" என்றார். அண்ணே, கார்மென் அக்காவைப் பற்றிப் பேசி, ஒருவரும் சிரிக்காமல் வீட்டுக்குப் போனால், நான் வேறு யாரைப் பற்றியோ பேசிவிட்டேன் என்று அர்த்தம்.

எண்ணெய்ச் சோதனை ஆய்வாளர் கார்மென் சூசைநாதன்! நம் சமையல் எண்ணெயில் புல்லு மருந்து கலந்திருக்கிறதா என்று பார்ப்பதையே தன் வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்ட கார்மென் சூசைநாதன்! அந்தப் பெயர் கீழே இருந்தால் போதும், தாளில் மேலே என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் எண்ணெயைச் சட்டியில் ஊற்றியவர்கள் நாம். இல்லையா? இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

இன்று அந்தப் பெயர் கீழே இல்லை. அதனால்தான் இந்த மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. பங்குனித் திருவிழா அன்னதானத்துக்குச் செக்குக் குழு எண்ணெய் ஆட்டி வைத்திருக்கிறது. சோதனை முடிந்து தாளும் வந்துவிட்டது. ஆனால் கையெழுத்து சுரேன் தம்பியுடையது. அப்பாவு அண்ணன் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கார்மென் போடாத கையெழுத்தை நம்பி ஆயிரம் பேர் சாப்பிடுற சட்டியில ஊத்த மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர் ஊற்றாவிட்டால் காளியம்மா அக்காவின் செக்கு நின்றுபோகும். கோயில் வாங்காத எண்ணெயை ஊரில் யார் வாங்குவார்கள்? ஆகவே, பெரியோர்களே, நான் அக்காவைப் புகழ்ந்துகொண்டே அப்பாவு அண்ணனிடம் ஒரு வழக்கும் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது அதே செரோஜா தோட்டத்தில்தான். ரப்பர் போய், செம்பனை வந்தது. செம்பனைக்குக் கீழே புல் வந்தது, புல்லைச் சாகடிக்க மருந்து வந்தது. எல்லாரும் அதோடு நிறுத்திக்கொண்டோம். அக்கா மட்டும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டார்: "புல்லுல அடிச்சது புல்லோட நிக்குதா, சட்டி வரைக்கும் வருதா?" அந்த ஒரு கேள்விக்காகப் படித்தார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்னைத் தெலுக் இந்தானுக்கும் கோலா கங்சாருக்கும் போத்தல் பொறுக்க விரட்டினார்.

அந்தச் சோதனையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விளக்கவா? சுரேன் தம்பி நெளிகிறார். தப்பாகச் சொன்னால் இருமுங்கள் தம்பி, நான் நிறுத்திக்கொள்கிறேன். சுரைக்காய் வடிவத்தில் ஒரு கண்ணாடிப் புனல், அதன் அடியில் ஒரு திருகுக் குழாய். அதில் எண்ணெயை ஊற்றுவார்கள். எண்ணெயோடு ஒட்டாத ஒரு திரவத்தையும் ஊற்றிக் குலுக்குவார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி போட்டாச்சு என்று சத்தம் கேட்டதும் என்ன நடக்கும்? மேடைக்கு முன்னால் இருக்கும் கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடிவிடும். நகர முடியாத கனத்த ஆட்கள்தான் நாற்காலியோடு இருப்பார்கள். அப்படித்தான் புல்லு மருந்து எண்ணெயை விட்டு அந்தத் திரவத்துக்கு ஓடும், கனத்த எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும். கூட ஒட்டிக்கொண்டு போன கொஞ்ச நஞ்சக் கொழுப்பை உறைபெட்டியில் வைத்து உறைய விடுவார்கள். தெளிந்ததை மட்டும் வடித்து இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். இயந்திரம் திரையில் கோடு போடும். எண்ணெய் சுத்தம் என்றால் கோடு பாயில் படுத்த மாதிரி கிடக்கும். மருந்து இருந்தால் அதற்குரிய இடத்தில் எழுந்து நிற்கும்.

இருமல் வரவில்லை! தப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்தப் புனலைக் கண்டபடி ஆட்டினால் உள்ளே நுரை கட்டிக்கொள்ளும். நுரை அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். எனக்குத்தான் பொறுமை கிடையாதே! "அக்கா, கொஞ்சம் வேகமா ஆட்டுங்க, சந்தை மூடுறதுக்குள்ள நான் போவணும்லா" என்பேன். "நுரை அடங்குற வரைக்கும் நீயும் அடங்கிக் கிட சீனி" என்பார். சொல்லிவிட்டுப் புனலைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். எது முதலில் அடங்குகிறது என்று பார்ப்பாராம்.

இப்போது செரோஜா கதைக்கு வருகிறேன். காளியம்மா அக்கா, முறைக்காதீர்கள். உங்கள் கதையைச் சொல்லாமல் கார்மென் அக்காவின் பெருமையைச் சொல்ல முடியாது.

தோட்டத்துப் பெண்கள் தங்கள் வீட்டு மரத்துத் தேங்காயைக் காய வைத்து, ஒரு மோட்டார் செக்கில் ஆட்டி, தாங்களும் சமைத்து, கோயிலுக்கும் கொடுத்துவந்தார்கள். அந்த எண்ணெயில் மருந்து வாடை அடிப்பதாக யாரோ கிளப்பிவிட்டார்கள். கோயில் கொள்முதலை நிறுத்தியது. பெண்கள் கார்மென் அக்காவிடம் வந்து, "நீயே பார்த்துச் சொல்லு" என்றார்கள். அக்கா என்னிடம் பழுப்புப் போத்தல்களைக் கொடுத்து, வீடு வீடாக எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். நானும் போனேன். தேத்தண்ணி கொடுத்தார்கள், குடித்தேன். இன்னொரு வீட்டில் கொடுத்தார்கள், அதையும் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் போத்தல்கள் துடைத்து மினுக்கி வந்துசேர்ந்தன. ஒரு போத்தலுக்குச் சந்தனப் பொட்டுகூட வைத்திருந்தார்கள்!

ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். கோடுகள் எல்லாம் படுத்துவிட்டன. சுத்தமோ சுத்தம்! நான் கைப்பேசியை எடுத்தேன்.

"யாருக்குப் போடுறே?"

"காளியம்மாக்காவுக்குத்தான். நல்ல சேதியச் சூடா சொல்லணும்லா."

"வை போனை. இந்தப் போத்தலப் பாரு. எண்ணெய் எப்படி இருக்கு?"

"தண்ணியாட்டம் தெளிவா இருக்கு அக்கா. அழகா இருக்கு."

"நேத்துலேர்ந்து ஏசியில இருக்குற தேங்காய் எண்ணெய் தண்ணியாட்டம் இருக்குமா, மண்டு? வெண்ணெயாட்டம் உறைஞ்சு போயிருக்கணும். எல்லாப் போத்தலும் ஒரே சாயல், ஒரே கோடு. ஒரு தாய் பெத்த பிள்ளைங்க மாதிரி இருக்கு. இது தோட்டத்து எண்ணெயே இல்ல."

"அதுக்கென்ன அக்கா, சோதனையில பாஸ்தானே? கையெழுத்துப் போடுங்க. பாவம், காத்துக்கிட்டிருக்குதுங்க."

"என் கையெழுத்து அவங்க சாப்பிடுற எண்ணெய்க்கு, சீனி. கடை எண்ணெய்க்கு இல்ல. வண்டிய எடு."

போனோம். காளியம்மா அக்கா வாசலிலேயே நின்று சொன்ன பதிலை இன்றைக்கும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். "பெரிய ஆய்வுக்கூடத்துக்குப் போற எண்ணெய்னு சொன்னான் சீனி. அதுக்குச் சட்டியில கிடக்குறதையா ஊத்திக் குடுப்போம்? நாங்க அவ்வளவு மட்டமா? கடையில உள்ளதுலயே நல்லதா ஒரு டின்னு வாங்கி, எல்லாப் போத்தலுக்கும் பங்கு போட்டோம். சுத்தமாத்தானே இருந்துச்சு?"

ஏமாற்று வேலையா இது? இல்லை! வந்தவருக்கு நல்லதைக் கொடு, உனக்கு மிச்சத்தை வை என்று வளர்ந்த சனம் நாம். விருந்தாளிக்குப் புதுப் பாய் விரிப்பதுபோல ஆய்வுக்கூடத்துக்குப் புது எண்ணெய் ஊற்றிவிட்டார்கள்! இந்தத் தவறை உலகத்தில் வேறு எந்த ஊர் செய்யும்? கார்மென் அக்கா படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். பிறகு சொன்னார், "பசிக்குது அக்கா. வடை சுடுங்க."

"இரு கண்ணு, நல்ல எண்ணெய் வாங்கியாரச் சொல்றேன்."

"வேணாம். நீங்க தினமும் சுடுற எண்ணெயிலயே சுடுங்க."

சட்டியில் ஊற்றும்போது எழுந்து போய், அந்த வீட்டு எண்ணெய் டின்னிலிருந்தே ஒரு போத்தல் பிடித்துக்கொண்டார். வடையையும் சாப்பிட்டார். நான் காதோரம், "மருந்து இருந்துட்டா?" என்று கேட்டேன். "அவங்க வருஷக்கணக்கா சாப்பிடுறாங்க. நான் ஒண்ணு தின்னா செத்தா போயிடுவேன்?" என்றார். பெரியோர்களே, படித்தவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். தான் சந்தேகப்படும் சட்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவரை இவர் ஒருவரைத்தான் பார்த்தேன்!

அந்தப் போத்தல் ஆய்வுக்கூடத்து ஏசியில் வெள்ளையாக உறைந்தது. பதமாகச் சூடு காட்டி இளக்கி, புனலில் ஊற்றிக் குலுக்கி, வடித்து, இயந்திரத்துக்குக் கொடுத்தார். கோடு எழுந்து நின்றது. நம்பாமல் எல்லாவற்றையும் கழுவி ஆரம்பத்திலிருந்து செய்தார். மறுபடியும் அதே இடத்தில் எழுந்து நின்றது. "இருக்கக் கூடாது, இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் ஆட்டினேன் சீனி. வேண்டுதல் புனலுக்குள்ள இறங்காது போல" என்றார்.

மறைத்தாரா? தாளில் மட்டும் எழுதித் தபாலில் அனுப்பினாரா? இல்லை! நேரில் போனார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். காளியம்மா அக்கா எழுந்து நின்று, "எங்க தோட்டத்துல பொறந்த பிள்ளையே எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டியே!" என்றார்.

"அணைஞ்ச அடுப்ப மூட்டிக்கலாம் அக்கா. மருந்து எங்கேர்ந்து வருதுன்னு நான் கண்டுபிடிக்காம போக மாட்டேன்."

"கண்டுபிடி. கண்டுபிடிச்சிட்டு வா, அப்புறம் பேசிக்கலாம்" என்று உள்ளே போய்விட்டார். அன்றைக்கு எங்களுக்குத் தேத்தண்ணி கிடையாது. என் வாழ்நாளில் செரோஜாவில் தேத்தண்ணி குடிக்காமல் திரும்பிய நாள் அது ஒன்றுதான்!

அக்கா மரத்திலிருந்து அப்போதே பறித்த தேங்காயைச் சோதித்தார், சுத்தம். செக்கைத் துடைக்க எடுத்து வைத்திருந்த துணியைச் சோதித்தார், சுத்தம். இன்னும் எண்ணெய் ஊற்றாத டின்னைச் சோதித்தார், அதுவும் சுத்தம். கடைசியில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்த பச்சைக் கென்வாஸ் விரிப்பில் கண் நின்றது. "இது யார் குடுத்தது?" என்று கேட்டார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி தீபாவளிக்குப் பெண்களுக்குக் கொடுத்த பரிசு அது. வெறும் தரையில் தேங்காய் காய்கிறதே என்று இரக்கப்பட்டு, மருந்து ஸ்டோரில் பீப்பாய்களை மூடியிருந்த விரிப்பை, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடுத்திருக்கிறார். அக்கா அதில் ஒரு துண்டை வெட்டி வந்து திரவத்தில் போட்டுக் குலுக்கினார். எண்ணெயில் எழுந்த கோடு எங்கே நின்றதோ, கென்வாஸ் கோடும் அங்கேயே நின்றது!

சன்னாசி மண்டோர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லா தேய்ச்சுக் கழுவினேனே அம்மா!"

"தேய்ச்சிருப்பீங்க மண்டோர். இந்த மருந்து தண்ணிக்கு மசியாது. எண்ணெய்ப் பசையக் கண்டாத்தான் இறங்கி வரும். தேங்காயைக் கண்டுச்சு, இறங்கிடுச்சு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அடுத்த வருஷம் பலகாரமா குடுத்துடுங்க."

விரிப்பு போனது. பழைய எண்ணெய் போனது. புது விரிப்பு வந்தது, புதுத் தேங்காய் காய்ந்தது. அக்கா மறுபடியும் சோதித்தார். கோடு படுத்தது. கையெழுத்துப் போட்டார். கோயில் அடுப்பு எரிந்தது. அந்தச் சேதியைச் சூடாகச் சொல்லும் பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. காளியம்மா அக்கா ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய வடையை வேனில் வைத்து, "அவளுக்கு. நீ வழியில கைய வைக்காதே" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை எண்ணெய் ஆட்டும்போதும் ஒரு போத்தல் தானாகவே ஆய்வுக்கூடத்துக்கு வருகிறது. கடை எண்ணெய் இல்லை, சட்டி எண்ணெய்!

சரி அப்பாவு அண்ணே, இனிமேல் உங்கள் வழக்கு.

நீங்கள் கார்மென் அக்காவின் கையெழுத்தை நம்பினீர்கள். கார்மென் அக்கா நம்பினாரா? அவர் தன்னைத்தானே நம்பவில்லை அண்ணே! இது உங்களில் யாருக்கும் தெரியாது. சுத்தமான எண்ணெயை ஒரு போத்தலில் எடுத்து, அதில் புல்லு மருந்து துளியூண்டு தானே கலந்து, என்னிடம் கொடுப்பார். "இதுல ஒரு பேரு எழுதி ஒட்டி, மத்த போத்தலோட கலந்து வை. எதுன்னு என்கிட்ட சொல்லாதே. நான் அதைக் கண்டுபிடிக்கலன்னா அன்னைக்குப் பண்ணின சோதனை மொத்தமும் குப்பை" என்பார். தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டவர்! அதற்குக் கேள்வித்தாள் தயாரித்தவன் யார்? பள்ளிக்கூடத்தில் ஒரு பரீட்சையும் தேறாத இந்தச் சீனி!

முதல் தடவை நான் போத்தலில் 'திருமதி ரம்பா' என்று எழுதி ஒட்டினேன். பார்த்தவுடனே கூப்பிட்டார். "ஏண்டா, செரோஜாவுல ரம்பா எந்த வீட்டுல இருக்கா? ஊர்வசிக்குப் பக்கத்து வீடா? ஒழுங்கா ஒரு பேரு வைக்கத் தெரியல, நீயெல்லாம்..." என்று திட்டிவிட்டு மறுபடியும் கலக்க வைத்தார். அதற்குப் பிறகு நான் தேறிவிட்டேன். காளியம்மா அக்கா, உங்கள் பெயரையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். மன்னிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அக்கா கண்டுபிடித்தார். ஒவ்வொரு தடவையும் "பொழைச்சேன்டா" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார்.

உடம்பு முடியாமல் மருத்துவமனைக்குக் கிளம்பிய அன்று, ஈயத்தாள் சுற்றிய ஒரு போத்தலை என் கையில் கொடுத்தார். "பேரு நானே ஒட்டிட்டேன், தாளைப் பிரிக்காதே. ஐஸ்பெட்டியில வை. நான் திரும்பி வந்தா என்கிட்டயே குடுத்துடு. வரலன்னா சுரேனுக்கு வை."

"ஏன் அக்கா இப்படிப் பேசுறீங்க?"

"நுரை அடங்கட்டும் சீனி, வேலையப் பாரு" என்று சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

திரும்பி வரவில்லை.

போன திங்கட்கிழமை, பங்குனி எண்ணெய் சோதனைக்கு வந்த அன்று, மற்றப் போத்தல்களுக்கும் ஈயத்தாள் சுற்றி, அந்தப் போத்தலை அவற்றோடு வைத்தேன். சுரேன் தம்பிக்கு ஒன்றும் தெரியாது. அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்தார், குலுக்கினார், நுரை அடங்கக் காத்திருந்தார். நானும் அடங்கிக் கிடந்தேன். மறுநாள் மதியம் வேன் கழுவிக்கொண்டிருந்தவனிடம் ஓடி வந்தார். கையில் என் வண்டிச் சாவி!

"சீனி அண்ணே, வாங்க, போலாம். மத்த எண்ணெய் எல்லாம் சுத்தம். ஒரு வீட்டுல மட்டும்... அண்ணி வீட்டுல இருக்காங்களா? போன் போடுங்க, சமைக்க வேணாம்னு சொல்லுங்க!"

"எங்க வீட்டுக்கு எதுக்குத் தம்பி?"

"அண்ணே... எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மருந்து இருக்குறது உங்க வீட்டு எண்ணெயிலதான்."

போய்ப் பார்த்தேன். பிரித்துப் போட்ட ஈயத்தாளுக்குப் பக்கத்தில் அந்தப் போத்தல். ஒட்டியிருந்த பெயர், அக்காவின் கோழிக் கிறுக்கல் எழுத்தில்: 'சீனி வீடு'.

ஊரையெல்லாம் கிண்டல் செய்தவன் நான். என்னைக் கடைசியாகக் கிண்டல் செய்துவிட்டு அவர் போய்விட்டார்! ஆய்வுக்கூடத்துத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். சுரேன் தம்பி பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே போன தண்ணீர் கண் வழியாக வந்ததென்றால், அதற்கு நான் பொறுப்பில்லை.

இப்போது சொல்லுங்கள் அப்பாவு அண்ணே! அக்கா மறைத்து வைத்த துளியூண்டைக் கண்டுபிடித்ததே, அது யாருடைய கை? கண்டுபிடித்த மறு நிமிடம், தாள் எழுதாமல், கையெழுத்துப் போடாமல், என் வீட்டுச் சட்டியைக் காப்பாற்ற என் சாவியையே பிடுங்கிக்கொண்டு ஓடி வந்ததே, அது யாருடைய கால்? அக்கா வைத்த பரீட்சையில் அக்காவே தேறிய மாதிரி தம்பி தேறிவிட்டார். இதற்கு மேல் என்ன கையெழுத்து வேண்டும்?

கார்மென் சூசைநாதன் அவர்களே! உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுக்கிறேன். புனலைச் சுரேன் ஆட்டுவார். தேங்காய் எதன் மேல் காய்கிறது என்று காளியம்மா அக்கா பார்த்துக்கொள்வார். பொய்ப் பெயர் எழுதி ஒளித்து வைக்கும் திருட்டுப் போத்தலை நான் விடவே மாட்டேன். துளி கலந்து கொடுக்க வேறோர் ஆய்வாளரைப் பிடித்துவிட்டேன், அவர் பெயரைச் சுரேனிடம் சொல்ல மாட்டேன். ரம்பா என்று மட்டும் சத்தியமாக எழுத மாட்டேன்!

பெரியோர்களே, பின்வாசலிலிருந்து ஒரு வாசனை வருகிறதே, கவனித்தீர்களா? காளியம்மா அக்கா வந்ததிலிருந்து சும்மா இருக்கவில்லை. அந்தப் பங்குனி எண்ணெயில், சுரேன் கையெழுத்துப் போட்ட அதே எண்ணெயில், வடை வெந்துகொண்டிருக்கிறது. கார்மென் அக்காவாக இருந்தால் இந்நேரம் மேடையை விட்டு எழுந்து போயிருப்பார்.

அப்பாவு அண்ணே, தலையை ஆட்டுகிறீர்களே, அது ஆமாவா, இல்லையா?

எழுந்துவிட்டீர்களா! மைக்கில் சொல்ல வேண்டாம் அண்ணே. நேராகச் சட்டிக்கே போங்கள். முதல் வடை உங்களுக்குத்தான். இரண்டாவதைச் சுரேனிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள்.